ஒரு லோடு தண்ணீர்

திருவான்மியூரைத் தாண்டினால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) விடியற்காலை ஐந்து மணிக்கே தண்ணீர் லாரிகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். சாதாரணமாக 12,000 லிட்டர் வண்டி, பெரிய இடமென்றால் 24,000 லிட்டர். மூடி சரியாகப் பொருந்தாத வாயிலிருந்து வழிநெடுகச் சிந்திக்கொண்டே வந்து, கடல் பக்கம் பிரியும் ஏதாவதொரு சந்தில் டிரைவர் வண்டியை ரிவர்ஸில் நுழைப்பார். கிளீனர் பையன் பின்னால் நின்று தட்டித் தட்டி வழி சொல்வான். கேட்டைத் திறந்ததும் காவலாளி செய்யும் முதல் வேலை, லாரியின் பின்பக்க ஏணியில் ஏறி மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பது.

“இன்னா தம்பி, ஒரு சாண் கொறையுது?”

“ரோடு இருக்கிற இருப்புக்கு சிந்தாதா பெருசு?”

அந்த ஒரு சாண் பற்றிய பேச்சு முடிந்த பிறகுதான் ஹோஸ் சம்ப்புக்குள் இறங்கும். வீட்டுக்குத் தேக்குக் கதவு, பின்புறம் நீச்சல் குளம். மொட்டை மாடியில் ஏறினால் வங்காள விரிகுடா முழுசாகத் தெரியும். சென்னையில் மிக விலை உயர்ந்த மனைகளில் சில இந்தச் சாலையின் கிழக்கு ஓரத்தில்தான் இருக்கின்றன. அந்த வீடுகளில் குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் புல்தரைக்கு ஊற்றுவதற்கும் தண்ணீர் லோடு கணக்கில் வந்து இறங்குகிறது.

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி என்று வரிசையாகப் போகும் இந்த ஊர்கள் ஒரு ஒடுங்கிய மணல் நாடாவின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாயைத் தாண்டினால் ஐ.டி. நிறுவனங்களின் பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்). ஈசிஆர் என்று சொன்னாலே கேட்பவர் மனதில் ஒரு வருமான வரம்பு வந்துவிடும். நடிகர்கள், தொழிலதிபர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், வார இறுதிக்கு மட்டும் வந்து பூட்டைத் திறப்பவர்கள். நடிகர் விஜய்யின் வீடு நீலாங்கரையில் இருக்கிறது. அவருடைய கட்சி அலுவலகம் பனையூரில் அமைந்த பிறகு, பனையோலைக் குடிசைகளின் காலத்தில் யாரும் கேட்டிராத அந்த ஊர்ப் பெயர் அரசியல் மேடைக் கேலிக்குள்ளும் புகுந்துவிட்டது.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் இங்கே இருந்தவை சவுக்குத் தோப்பு, பனை, மணல்மேடு, கரையோரம் மீனவர் குப்பங்கள். அப்போதே வந்து குடியேறிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாலையின் கதையைச் சொல்ல முடியாது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களோடு சேர்ந்து 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைப் பொதுவில் சேர்த்து நிலம் வாங்கினார்கள். மின்சாரமும் சரியான பாதையும் இல்லாத மணற்காட்டில் ஆளுக்கொரு சிறு வீடு கட்டிக்கொண்டார்கள். பட்டறையும் காட்சிக்கூடமும் திறந்தவெளி அரங்கும் எல்லோருக்கும் பொது. பி.வி. ஜானகிராம், சுல்தான் அலி, ஹரிதாசன், சேனாதிபதி என்று இந்திய நவீன ஓவியத்திலும் சிற்பத்திலும் இடம்பிடித்த பெயர்கள் இந்த மணலில் நடந்தவை. பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது.

நகரத்தை விட்டு விலகி, கடலோரத்தில் வசதியாக வாழ வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருந்ததுதான். ஆனால் வேலியை ஊருக்கு ஒன்றாகப் போட்டார்கள், வீட்டுக்கு ஒன்றாகப் போடவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த முறையைப் பின்பற்றவில்லை.

கைக்கடிகாரத்தையும் ரேடியோவையும் தவணையில் விற்றுப் பேர் வாங்கிய விஜிபி சகோதரர்கள் மனையையும் தவணையில் விற்றார்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவர் சிறுகச் சிறுகக் கட்டி, கடலோரத்தில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட முடிந்தது. வாங்கிப் போட்டதோடு சரி. அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமையும் டிபன் கேரியரும் வேண்டியிருந்தன. போனால் குழந்தைகளுக்கு விஜிபி கோல்டன் பீச் வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்கும் வேலை இருந்தது. 2000இல் ஐ.டி. வளாகமான டைடல் பார்க் வந்தது. 2002இல் புதுச்சேரி வரை சுங்கச் சாலை வந்தது. தவணையில் வாங்கிய மனைகளில் பல கைமாறின, மற்றவற்றில் பிள்ளைகள் பங்களா எழுப்பினார்கள். இந்த மாற்றத்தை ஊழல் கதையாகவோ பேராசைக் கதையாகவோ மட்டும் சொல்வது சோம்பேறித்தனம். பலருக்கு அது அப்பாவின் ஒரே புத்திசாலித்தனமான முதலீடு.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கடலுக்கு இத்தனை அருகில் நல்ல தண்ணீர் கிடைத்ததே ஒரு அதிசயம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு, உப்புநீர் எடை அதிகம், அவ்வளவுதான் கணக்கு. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதன் கனத்தில் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புநீர் அழுந்திக் கிடக்கும். இதன் மறுபக்கம் கொடுமையானது. மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டரை உறிஞ்சிவிட்டால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரப் பார்க்கும். பத்தடியில் கையால் தோண்டிய கிணற்றில் குப்பத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்த தண்ணீர் இது. ஒரு காலத்தில் திருவான்மியூருக்குத் தெற்கே உள்ள இந்த மணற்படுகையிலிருந்து நகரத்துக்கே தண்ணீர் எடுத்தார்கள். உறிஞ்சியது அளவு மீறியதால்தான் 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி கிணறு தோண்டவும் அனுமதி வேண்டும், தண்ணீரை வண்டியில் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். காலை ஐந்து மணி லாரிகளைப் பார்ப்பவர்கள் இந்தச் சட்டம் உயிரோடிருப்பதாக நம்ப மாட்டார்கள்.

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஈசிஆர் மணலில் அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை, முற்றத்தைச் சும்மா விட்டாலே போதும். ஆனால் முற்றத்தைச் சும்மா விடுவதற்கு ஒரு மனம் வேண்டும். மதில் முதல் மதில் வரை கிரானைட்டும் சிமென்ட் கல்லும் பாவிய வீட்டில் மழை பெய்தால், தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது, தெருவில் தேங்குகிறது. மறுநாள் அதே வீட்டுக்கு லாரி வருகிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு போயின. பழைய மகாபலிபுரம் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த மாதங்களில் கடலோரப் பங்களாக்களில் ஷவர் நின்றுவிட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை. லோடு விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது, காத்திருக்கும் நாள் கூடியது, அவ்வளவே. அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை. கோவிலம்பாக்கம் போன்ற தென்புறநகர் ஊர்களின் கிணறுகளிலிருந்து வந்தது. எங்கள் கிணறு வற்றுகிறது, லாரியை நிறுத்து என்று அந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கியதும் அதே கோடையில்தான். பணக்காரப் புறநகரில் பஞ்சம் வந்தால் அது பக்கத்து ஊரில் போய் நடக்கிறது.

தண்ணீரைப் போலத்தான் மற்றதும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானாகவே உறுமும். பாதாளச் சாக்கடை பல தெருக்களை எட்டாத காலம் முழுவதும் செப்டிக் டேங்க்கும், அதை உறிஞ்ச வரும் கழிவுநீர் லாரியும். ஒரே சந்தில் நல்ல தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் எதிரெதிரே மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும் காட்சி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. காவலுக்கு ஆள், கேமரா. பிள்ளைகளை அழைத்துப் போக ஸ்கூல் வேன். குடிப்பதற்கு ஆர்.ஓ., அதற்கும் மேல் கேன். ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே ஒரு சின்ன நகராட்சி நடத்துகிறது. அதன் தலைவர் வீட்டு அம்மா, செயல் அலுவலர் காவலாளி. நகராட்சி நடத்தும் செலவை மாதா மாதம் கையிலிருந்து கொடுக்கிறவருக்கு, நிஜ மாநகராட்சி என்ன செய்கிறது என்று கேட்கும் அக்கறை மெல்ல விட்டுப்போகிறது. இதுதான் இந்த வாழ்க்கையின் உண்மையான விலை. ஆனால் அது எந்தப் பில்லிலும் வருவதில்லை.

அந்தச் சின்ன நகராட்சிகளை நடத்திக்கொடுப்பவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து வருகிறார்கள். 2000இலிருந்து, நகரத்தின் நடுவே ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி மக்களைக் கொண்டுவந்து வைத்த கண்ணகி நகர் அங்கேதான் இருக்கிறது. 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஆரம்பத்தில் கட்டியவை குடும்பத்துக்கொரு சிறிய அறை. பிறகு செம்மஞ்சேரி, அதற்கும் பிறகு எட்டு மாடிகளாக பெரும்பாக்கம். மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் வேலை வீடுகளை வைத்திருந்த பெண்கள், இடம்பெயர்ந்ததும் அந்த வீடுகளை இழந்தார்கள். ஓஎம்ஆர் அடுக்ககங்களிலும் ஈசிஆர் பங்களாக்களிலும் புதிதாக வீடு பிடித்தார்கள். நகரம் இரண்டு வகை மக்களைத் தெற்கே அனுப்பியிருக்கிறது. ஒருவர் விரும்பி வந்தார், இன்னொருவர் லாரியில் சாமானோடு ஏற்றப்பட்டு வந்தார். இருவரும் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே சமையலறையில் சந்திக்கிறார்கள்.

வருவதுதான் பாடு. காகம் பறக்கும் தூரம் சில கிலோமீட்டர், நடுவே கால்வாய். கார் போகும்படியான உருப்படியான குறுக்குச் சாலை என்றால் சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு வருவது. நீலாங்கரையையும் துரைப்பாக்கத்தையும் சேர்க்கும் பாலத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தார்கள். காரில் சுற்றி வருபவருக்கு இருபது நிமிட எரிச்சல். ஷேர் ஆட்டோவில் மாறி மாறி வருபவருக்கு சம்பளத்தின் ஒரு பகுதி.

குப்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலவாக்கம் குப்பம், ஈஞ்சம்பாக்கம் குப்பம், பனையூர் குப்பம் எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சாலையில் போகிறவர்கள் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. பைபர் படகை ஏற்றி வைக்கவும் வலை உலர்த்தவும் கரைவலை இழுக்கவும் அவர்களுக்கு நீண்ட வெற்று மணல் வேண்டும். பட்டாவில் அந்த மணல் யார் பெயரிலும் இல்லாததால், எளிதில் யார் பெயரிலும் ஆகிவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழக அரசு ஒரு அரசாணை போட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அந்த எல்லைக்கு வெளியே போகச் சம்மதித்தால் இலவச வீடு கிடைக்கும். அங்கேயே இருப்போம் என்பவர்கள் இருக்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. பாதுகாப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் நாம் விலகினால் இந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்று மீனவர்கள் கேட்ட கேள்விக்கு, மதில்களைக் காட்டுவதைத் தவிர வேறு பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிய பங்களாக்கள் பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன.

அந்த விதிகளில் ஒரு நல்ல வரி உண்டு. கடற்கரையில் இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குப் பொதுமக்கள் கடலுக்குப் போக வழி விட வேண்டும். விடுதிக்குச் சொன்ன விதி அது. வீடுகளின் வரிசையில் அந்த வழி, கிழக்கே போகும் தெருவை நம்பித்தான் இருக்கிறது. தெரு முனையில் ஒரு கேட், கேட்டில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டால் போதும். கடலைப் பார்க்கணும் என்று பதில் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

கடலிலிருந்து வருகிறவர்களுக்கும் தடை இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி, மணலைப் பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, கூடுகளைத் தேடி, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். முட்டையை இடம் மாற்றக் காரணம் நாயும் மனிதர்களும் மட்டும் இல்லை. சுமார் 45 நாள் கழித்துப் பொரியும் குஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போ. ஆதிகாலம் முதல் இரவில் வெளிச்சமாக இருந்தது கடல்தான். இப்போது தோட்ட விளக்கும் மதில்மேல் பிளட் லைட்டும் கடலைவிடப் பிரகாசமாக இருப்பதால், குஞ்சுகள் பங்களாவை நோக்கி ஊர்ந்து போகின்றன. நான்கு மாதம், இரவு பதினொரு மணிக்கு மேல் கடல் பக்க விளக்கை அணைத்து வைத்தால் பெருமளவு தீர்ந்துபோகும் பிரச்சினை. ஒரு பைசா செலவில்லை, மின்கட்டணம்கூடக் குறையும்.

இவர்கள் பொதுக் காரியம் என்று ஒன்றுக்கும் சேர மாட்டார்கள் என்று சொன்னால் அது பொய். கோவளம் வடிநிலத் திட்டத்தில் ஈசிஆர் ஓரம் மழைநீர் வடிகால் கட்ட மாநகராட்சி இறங்கியபோது, இந்தப் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். எங்கள் மண் மணல், மழை தானாகவே இறங்கிவிடும், சிமென்ட் வடிகால் போட்டு அதைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினால் நிலத்தடி நீர் என்னாவது என்பது அவர்கள் வாதம். சரியான வாதம், பொறியாளர்களைவிடக் குடியிருப்பவர்கள் மண்ணைத் தெரிந்து பேசிய அபூர்வமான சந்தர்ப்பம். அதே சங்கங்கள் அதே மூச்சில், மதிலுக்குள் பாவிய கல்லைப் பெயர்த்தெடுப்போம் என்றும், லாரித் தண்ணீருக்குத் தெருவுக்கு ஒரு கணக்கு வைப்போம் என்றும் முடிவெடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை இல்லாமல் போயிருக்கும்.

அரசு பக்கம் நடந்ததைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு திறக்கப்பட்டது. 2024இல் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை. அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை தொடங்கப்பட்டது. எல்லாம் இதே சாலையில்தான். உப்பைப் பிரித்தபின் மிஞ்சும் அடர்ந்த உப்புநீர் திரும்பக் கடலுக்குப் போவதால் மீன் விலகுகிறது என்று நெம்மேலி மீனவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். மழையை இலவசமாகக் கொடுத்த மணலை மூடிவிட்டு, கோடிக்கணக்கில் கொட்டி, மின்சாரத்தை எரித்து, பக்கத்திலிருக்கும் கடலிலிருந்து உப்பைப் பிழிந்தெடுப்பதை வளர்ச்சி என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். பஞ்சாயத்துகளாக இருந்த நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் உத்தண்டியும் மாநகராட்சி வார்டுகளாயின. குப்பத்துக்காரருக்கும் பங்களாக்காரருக்கும், கண்ணகி நகரிலிருந்து வருகிற பெண்ணுக்கும், இடமிருக்கும் ஒரே பொதுவான மேசை மாநகராட்சி மன்றம்தான். 2016இல் முடிந்த அதன் பதவிக்காலத்துக்குப் பிறகு ஐந்தாண்டுகளுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் கழிந்தன. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி தேர்தல் வந்தபோது சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேருக்கும் குறைவு, மாநிலத்திலேயே கடைசி. அந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது.